டிகிரி முடிச்சுட்டு நேவிக்குப் போலாமா? அப்ளை பண்றதுக்கு முன்னாடி பாக்க வேண்டியது எல்லாம்

நான் மெக்கானிக்கல் முடிச்சு ரெண்டரை வருஷம் ஆகுது. ஆபீசர் ஆளெடுக்கற அஞ்சு நாள் தேர்வு, எஸ்எஸ்பின்னு சொல்லுவாங்க, அதுக்கு மூணு தடவை போனேன். போபால்ல முதல் நாள் மதியமே திருப்பி அனுப்பிட்டாங்க, பெங்களூர்ல அஞ்சு நாளும் இருந்துட்டு கடைசியில செலக்ட் ஆனவங்க நம்பர் வாசிச்சப்போ என் நம்பரை வாசிக்கல, மூணாவதா விசாகப்பட்டினத்துல நம்பர் வந்துச்சு, அப்புறம் மெடிக்கல்ல மூக்கு எலும்பு வளைஞ்சிருக்குன்னு நிறுத்தி வச்சு, ஆபரேஷன் பண்ணி அப்பீல்ல ஃபிட் வாங்கி, இப்பதான் ஜாயினிங் லெட்டர் கையில வந்திருக்கு. இந்த ரெண்டரை வருஷத்துல பாதி எனக்கு யாரும் சொல்லித் தராததால போன காலம். எங்க ஊர்ப்பக்கம் விஜயநாராயணம் ஐஎன்எஸ் கட்டபொம்மன் கடற்படைத் தளத்து டவரை சின்ன வயசுல இருந்து பாத்து வளந்தவங்க நிறைய பேரு, ஆனா உள்ள போற வழி கேட்டா "மிலிட்டரிக்கு ஆள் எடுக்கும்போது போய் ஓடிப் பாரு"ன்னுதான் சொல்லுவாங்க. டிகிரி முடிச்சவங்களுக்கு வழி வேற. அதைத்தான் வரிசையா எழுதறேன்.

எல்லாரும் பண்ற தப்பு ஒண்ணுதான், நானும் அதையே பண்ணேன். முதல்ல கோச்சிங்ல காசு கட்டறோம், கடைசியில போய் உடம்பையும் பேப்பரையும் பாக்கறோம். அதைத் தலைகீழா மாத்துங்க.

1. எந்த நேவின்னு முதல்ல முடிவு பண்ணுங்க

வீட்ல "நேவிக்குப் போறேன்"னு சொன்னா பாதி பேருக்கு மெர்ச்சன்ட் நேவிதான் ஞாபகம் வரும், சரக்குக் கப்பல், டாலர் சம்பளம், ஆறு மாசம் கடல் ஆறு மாசம் வீடு. அது தனியார் வேலை, டிஜி ஷிப்பிங்னு மத்திய அரசோட கப்பல் துறை கட்டுப்பாட்டுல வர்றது, அதுக்கு சிடிசின்னு கப்பல் ஆளுங்களுக்கான அடையாளப் புத்தகம் எடுக்கணும், மெக்கானிக்கல் படிச்சவங்க ஜிஎம்ஈன்னு ஒரு வருஷ மரைன் இன்ஜினியரிங் கோர்ஸ் காசு கட்டிப் படிக்கணும். நான் எழுதறது இந்தியக் கடற்படை பத்தி. ரெண்டையும் குழப்பிக்கிட்டு ஏஜென்ட்கிட்ட அட்வான்ஸ் குடுத்து ஏமாந்தவங்களை எனக்கே தெரியும்.

கடற்படைக்குள்ளயும் ரெண்டு வாசல் இருக்கு. அக்னிவீர் பத்தாவது, பன்னிரண்டாவது தகுதிக்கு, நாலு வருஷம், அதுல 25 சதவீதம் பேரைத்தான் மேல வச்சுக்குவாங்க, டிகிரி முடிக்கும்போது பெரும்பாலும் அதுக்கு வயசு தாண்டிடும். டிகிரிக்காரங்களுக்கு ஆபீசர் என்ட்ரிதான் சரியான வாசல். அதுலயும் ரெண்டு பாதை:

யூபிஎஸ்சி நடத்தற சிடிஎஸ், அதாவது முப்படைக்கும் ஆபீசர் எடுக்கற தேர்வு. வருஷத்துக்கு ரெண்டு தடவை, இங்கிலீஷ், ஜிகே, மேத்ஸ் மூணு பேப்பர், மொத்தம் 300 மார்க், ஃபீஸ் 200 ரூபாய். இதுல நேவிக்குப் போனா பெர்மனென்ட் கமிஷன், அதாவது ரிட்டயர் ஆகற வரைக்கும் ஆபீசர் வேலை. ஆனா நேவல் அகாடமிக்கு இன்ஜினியரிங் டிகிரி கண்டிப்பா வேணும், இடமும் ரொம்பக் கம்மி, 2025 முதல் தேர்வுல 32 இடம்தான். பிஏ, பிகாம் முடிச்சவங்க சிடிஎஸ் எழுதினா ராணுவத்துக்குப் போலாம், நேவிக்கு இந்த வழியில போக முடியாது. பொண்ணுங்களுக்கும் இதுல நேவி கிடையாது.

ரெண்டாவது எஸ்எஸ்சி என்ட்ரி. ஸ்டாஃப் செலக்ஷன் கமிஷன்னு நினைச்சுக்காதீங்க, இது ஷார்ட் சர்வீஸ் கமிஷன். எழுத்துத் தேர்வு இல்ல, டிகிரி மார்க்கை வச்சு ஷார்ட்லிஸ்ட் பண்ணி நேரா எஸ்எஸ்பிக்குக் கூப்பிடுவாங்க. ஆண் பெண் ரெண்டு பேருக்கும் உண்டு. ஃபீஸ் ஒரு பைசா கிடையாது. 2025 பிப்ரவரியில வந்த அறிவிப்புல எல்லா பிராஞ்சும் சேத்து 270 இடம். நான் போனது இது, அதனால கீழ எழுதறது முக்காவாசி இதைப் பத்திதான்.

இன்ஜினியரிங் படிக்காதவங்க மனசு விட்டுடாதீங்க. லா பிராஞ்சுக்கு சட்டப் படிப்பு, எஜுகேஷன் பிராஞ்சுக்கு எம்எஸ்சி மேத்ஸ் பிசிக்ஸ் மாதிரி, லாஜிஸ்டிக்ஸுக்கு எம்பிஏ, இல்லன்னா பிகாம் பிஎஸ்சி முதல் வகுப்போட ஃபைனான்ஸ், சப்ளை செயின் மாதிரி பிஜி டிப்ளமா இருந்தாலும் எடுக்கறாங்க.

2. வீட்ல உக்காந்து பேசுங்க, கணக்குப் போட்டுப் பேசுங்க

இதை அப்ளை பண்றதுக்கு முன்னாடியே பண்ணணும். என் கூட பெங்களூர்ல இருந்த ஒரு பையன், மதுரைக்காரன், செலக்ட் ஆனான், மெடிக்கல் ஃபிட், மெரிட்லயும் பேரு வந்துச்சு. அவங்க அம்மா அழுத அழுகையில போகவே இல்ல. அவன் இடம் வேற ஒருத்தனுக்குப் போச்சு, அது பரவாயில்ல, ஆனா அவனோட ஒன்றரை வருஷம் போச்சே.

பேச வேண்டியது முக்கியமா இதுதான். ஷார்ட் சர்வீஸ்னா 10 வருஷம், அதுக்கு மேல ரெண்டு ரெண்டு வருஷமா 4 வருஷம் வரைக்கும் நீட்டிக்கலாம், ஆக அதிகபட்சம் 14. 20 வருஷம் முடிச்சாத்தான் ஆபீசருக்கு பென்ஷன், அதனால இதுல பென்ஷன் வராது, கிராஜுவிட்டி மட்டும் வரும். இடையில பெர்மனென்ட் கமிஷனுக்கு எடுக்கலாம், பெண் அதிகாரிகளுக்கும் அந்த வாய்ப்பு உண்டுன்னு 2020 மார்ச்ல சுப்ரீம் கோர்ட் தீர்ப்பே வந்திருக்கு, ஆனா அது அந்தந்த நேரத்து காலியிடத்தையும் உங்க ரெக்கார்டையும் பொறுத்தது, அதை நம்பி வீட்ல வாக்கு குடுக்காதீங்க. 35 வயசு வாக்குல வெளிய வந்து அடுத்த வேலை தேடணும்கிறதை அப்பாகிட்ட இப்பவே சொல்லிடுங்க. "கவர்மென்ட் வேலை, கடைசி வரைக்கும் கவலையில்ல"ன்னு அவரு நினைச்சுட்டு இருந்தா பின்னாடி உங்களுக்குத்தான் கஷ்டம்.

காசு விஷயம். சப் லெஃப்டினன்ட் பேசிக் 56,100, அதோட மிலிட்டரி சர்வீஸ் பே 15,500, மேல அகவிலைப்படி, போஸ்டிங்கைப் பொறுத்து மத்த அலவன்ஸ். பைலட்டுக்கும் சப்மரீன் ஆளுங்களுக்கும் தனி அலவன்ஸ் இருக்கு. ஐடியில ஃப்ரெஷர் சம்பளத்தோட ஒப்பிட்டா ஆரம்பத்துல இது நல்லா மேல. ஆனா எட்டு பத்து வருஷம் கழிச்சு உங்க கிளாஸ்மேட் வெளிநாட்டுல இருப்பான், அப்போ ஒப்பிட்டா வேற மாதிரி தெரியும். ரெண்டையும் பாத்துட்டு முடிவு எடுங்க. எஜுகேஷன் லோன் இருந்தா இன்னொண்ணையும் யோசிக்கணும், அப்ளிகேஷன் போட்டு உள்ள நுழையற வரைக்கும் ஏறக்குறைய பத்து மாசம் ஆகும், அதுவரைக்கும் ஈஎம்ஐ யாரு கட்டறது?

லீவு, வருஷத்துக்கு 60 நாள் ஆன்யுவல், 20 நாள் கேஷுவல்னு நோட்டிஃபிகேஷன்லயே போட்டிருக்கும், பக்கத்துலயே சர்வீஸ் தேவையைப் பொறுத்துன்னும் போட்டிருக்கும். அந்த ரெண்டாவது வரியைத்தான் வீட்ல வாசிச்சுக் காட்டணும். தீபாவளி, பொங்கல், அக்கா கல்யாணம் எதுக்கும் நிச்சயமா வருவேன்னு சொல்ல முடியாது. கப்பல் கடல்ல இருக்கும்போது போன் சிக்னலும் இருக்காது. போஸ்டிங் மும்பை, விசாகப்பட்டினம், கொச்சி, கார்வார், போர்ட் பிளேர் (இப்போ ஸ்ரீ விஜயபுரம்)னு எங்க வேணா போகும். தமிழ்நாட்டுல சென்னை ஐஎன்எஸ் அடையாறு, அரக்கோணம் ராஜாளி, உச்சிப்புளி பருந்து, எங்க ஊரு கட்டபொம்மன்னு பேஸ் இருக்குதான், ஆனா அங்கயே வேலை கிடைக்கும்னு நினைச்சுப் போகாதீங்க.

இன்னொண்ணு, கல்யாணம். அப்ளை பண்ணும்போது கல்யாணம் ஆகியிருக்கக் கூடாது, ட்ரெய்னிங் முடியற வரைக்கும் பண்ணவும் கூடாது. வீட்ல பொண்ணு மாப்பிள்ளை பாத்துட்டு இருந்தா சொல்லிடுங்க. அப்புறம் இது மூணு மாச நோட்டீஸ் குடுத்துட்டு வர்ற வேலை கிடையாது. உள்ள போய்ட்டு பிடிக்கலன்னு ட்ரெய்னிங்கை நீங்களா விட்டா, ட்ரெய்னிங் செலவைக் கேப்பாங்க.

3. வயசு, மார்க், அப்புறம் எல்லாரும் கோட்டை விடற இங்கிலீஷ் 60

ஜெனரல் சர்வீஸ்ங்கற பிராஞ்சுக்கு கோர்ஸ் ஆரம்பிக்கும்போது ஏறக்குறைய 25 வரைக்கும், பைலட்டுக்கு 24. நோட்டிஃபிகேஷன்ல பிறந்த தேதி இதுல இருந்து இதுக்குள்ளன்னு போட்டிருப்பாங்க, வயசைக் கணக்குப் போடாம அந்தத் தேதியை மட்டும் பாருங்க, ஒரு நாள் தள்ளினாலும் போச்சு. சாதி வாரியா வயசுத் தளர்வோ இட ஒதுக்கீடோ ஆபீசர் என்ட்ரியில கிடையாது.

இன்ஜினியரிங்ல 60 சதவீதம் வேணும். அதோட, பத்தாவதுலயோ பன்னிரண்டாவதுலயோ இங்கிலீஷ் பாடத்துல 60 சதவீதம் வேணும், ரெண்டுல ஒண்ணுல இருந்தா போதும். என் ஹாஸ்டல் ரூம்மேட் 8.4 சிஜிபிஏ, இங்கிலீஷ்ல பத்தாவது 57, பன்னிரண்டாவது 58. அங்கயே கதவு மூடிடுச்சு. இதுல நம்ம ஸ்டேட் போர்டு பசங்க கவனிக்க வேண்டிய விஷயம் ஒண்ணு: 2021ல கொரோனாவால பத்தாவது ஆல் பாஸ் ஆன பேட்ச்சுக்கு மார்க் ஷீட்ல மார்க்கே இல்ல. அப்ப உங்களுக்கு பன்னிரண்டாவது இங்கிலீஷ் மார்க் ஒண்ணுதான் கணக்கு. அது 60க்கு மேல இருக்கான்னு இன்னைக்கே எடுத்துப் பாருங்க.

60 இருந்தா கூப்பிட்டுடுவாங்கன்னு இல்ல, அது அப்ளை பண்றதுக்கான தகுதி மட்டும்தான். எல்லாருடைய மார்க்கையும் ஒரே அளவுகோலுக்கு மாத்தி (நார்மலைஸ் பண்ணி), இடத்துக்குத் தக்கபடி மேல இருந்து கூப்பிடுவாங்க. எனக்கு 74 சதவீதம், ஒரு தடவை கூப்பிடவே இல்ல, மூணு தடவை கூப்பிட்டாங்க. என்சிசி சி சர்டிஃபிகேட் பி கிரேடுக்குக் குறையாம இருந்தா ஷார்ட்லிஸ்ட் கட் ஆஃப்ல 5 சதவீதம் தளர்வு உண்டு. காலேஜ்ல இன்னும் படிச்சுட்டு இருக்கீங்கன்னா என்சிசியை நடுவுல விட்டுடாதீங்க. அரியர் இருந்தா ஜாயின் பண்றதுக்குள்ள எல்லாம் க்ளியர் ஆகி, மொத்தத்துல 60 நிக்கணும்.

4. கோச்சிங்குக்குக் காசு கட்றதுக்கு முன்னாடி உடம்பைக் காட்டுங்க

இந்த ஒரு பாயின்ட்டுக்காகத்தான் இவ்வளவும் எழுதவே உக்காந்தேன். எஸ்எஸ்பி ஜெயிக்கறது எவ்வளவு கஷ்டம்னு போனவங்களுக்குத் தெரியும், அதை ஜெயிச்சுட்டு மெடிக்கல்ல வெளிய வர்றது தாங்கவே முடியாது. அதுவும் முன்னாடியே தெரிஞ்சிருந்தா சரி பண்ணியிருக்கலாம்கிற விஷயத்துக்கு.

முதல்ல சரி பண்ண முடியாததைப் பாருங்க. நிறக் குருடு, மாலைக்கண் இருந்தா எடுக்க மாட்டாங்க. கண் டாக்டர்கிட்ட போய் இஷிஹாரா புக் காட்டி டெஸ்ட் பண்ணச் சொல்லுங்க, பத்து நிமிஷ வேலை, நான் 400 ரூபாய் குடுத்தேன். நிறைய பசங்களுக்கு இருபத்து ரெண்டு வயசு வரைக்கும் தனக்கு கலர் பிரச்சினை இருக்குன்னே தெரியறதில்ல. கண்ணாடி போடறவங்க பவரை எழுதி வாங்கி, நோட்டிஃபிகேஷன்ல உங்க பிராஞ்சுக்கு எவ்வளவு விடறாங்கன்னு ஒப்பிடுங்க, பிராஞ்சுக்கு பிராஞ்சு மாறும். அதைப் பாக்காம கண் பவரை எடுக்கற லேசிக் ஆபரேஷன் பண்ணிக்காதீங்க, எப்போ பண்ணீங்க, எந்த பிராஞ்சுக்குங்கறதைப் பொறுத்து அதுவே ரிஜெக்ஷனுக்குக் காரணம் ஆகலாம். உயரம் ஆண்களுக்கு 157, பெண்களுக்கு 152 சென்டிமீட்டர், பைலட்னா 162.5.

அப்புறம் ஈஎன்டி டாக்டர். மூக்கு எலும்பு வளைவு, காதுல அழுக்கு, செவிப்பறையில ஓட்டை, டான்சில். அடுத்து ஜெனரல் சர்ஜன்கிட்ட ஹைட்ரோசீல், வெரிகோசீல் (விதைப்பை வீக்கம், அங்க நரம்பு புடைக்கறது), மூலம் இதெல்லாம் வெக்கப்படாம காட்டுங்க. ஆர்த்தோகிட்ட தட்டைப் பாதம், முட்டி இடிக்குதான்னு பாக்கச் சொல்லுங்க. பல் சொத்தையை அடைச்சுடுங்க. எடை, உயரத்துக்குத் தக்க இருக்கணும், ஜிம்முக்குப் போய் உடம்பு ஏத்தினவங்களே ஓவர்வெயிட்ல மாட்டறாங்க.

எனக்கு மூக்கு வளைஞ்சிருக்கறது மெடிக்கல் போர்டுல சொல்லித்தான் தெரியும். ஆபரேஷனை அரசு மெடிக்கல் காலேஜ்ல காசில்லாம பண்ணிக்கிட்டேன், அது பெரிய உதவி, ஆனா அப்பீல் தேதிக்குள்ள புண் ஆறணுமேன்னு ராத்திரி ராத்திரியா தூக்கம் இல்லாம கிடந்தேன். ஒரு வருஷம் முன்னாடி பண்ணியிருந்தா ஒண்ணுமே இல்ல. இந்த மொத்த செக்கப்பும் வெளிய பண்ணாலும் மூவாயிரத்துக்குள்ள முடியும், அரசு ஆஸ்பத்திரியில ஓபி சீட்டோட முடியும்.

டாட்டூ. முன்னங்கையோட உள்பக்கம், அதாவது முழங்கையில இருந்து மணிக்கட்டு வரைக்கும், அப்புறம் புறங்கை, இங்க மட்டும்தான் விடுவாங்க. தோள்ல, நெஞ்சுல, கழுத்துல குத்தியிருந்தா வேணாம்னுடுவாங்க. லேசர்ல எடுத்தா தழும்பு நிக்கும், அதையும் கேப்பாங்க. இன்னும் குத்தலன்னா குத்தாதீங்க, அவ்வளவுதான்.

5. பேரும் இனிஷியலும்

வடக்க இருக்கறவங்களுக்கு இந்தப் பிரச்சினை இல்ல, நமக்கு இருக்கு. பத்தாவது மார்க் ஷீட்ல இனிஷியல் ஒரு எழுத்தா முன்னாடி இருக்கும், ஆதார்ல அப்பா பேரு முழுசா பின்னாடி வந்திருக்கும், பான் கார்டுல சர்நேம்னு அப்பா பேரு போயிருக்கும், டிகிரியில இனிஷியல் பின்னாடி போயிருக்கும். நாலுலயும் நாலு பேரு. எஸ்எஸ்பியில சர்டிஃபிகேட் சரிபாக்கும்போது ஒவ்வொண்ணுக்கும் விளக்கம் சொல்லிட்டு நிக்கணும், எனக்கு போபால்ல கையெழுத்து போட்டு எழுதிக் குடுக்கச் சொன்னாங்க.

பத்தாவது மார்க் ஷீட்டை அடிப்படையா வச்சுக்கோங்க, பிறந்த தேதிக்கும் அதுதான் ஆதாரம். ஆதாரையும் பானையும் அதுக்கு ஏத்த மாதிரி மாத்துங்க. மாத்த முடியாம வித்தியாசம் நின்னா நோட்டரி அஃபிடவிட் ஒண்ணு போட்டு வச்சுக்கோங்க. அப்பா அம்மா பேர்லயும் எழுத்து மாறியிருக்கான்னு பாருங்க. இதெல்லாம் சேத்து ஒரு மாசம் எடுக்கும், நோட்டிஃபிகேஷன் வந்ததுக்கு அப்புறம் ஆரம்பிச்சா முடியாது.

6. அப்ளிகேஷன்

ஜாயின் இண்டியன் நேவி டாட் கவ் டாட் இன். இது ஒண்ணுதான் சைட். முன்கூட்டியே ரெஜிஸ்டர் பண்ணி மார்க் எல்லாம் ஏத்தி வச்சுடுங்க, நோட்டிஃபிகேஷன் வந்த பிறகு பிராஞ்ச் தேர்ந்தெடுத்து சப்மிட் பண்ணா போதும். சமீப வருஷங்கள்ல ஜனவரி கோர்ஸுக்கு பிப்ரவரி வாக்குலயும் ஜூன் கோர்ஸுக்கு ஆகஸ்ட் செப்டம்பர் வாக்குலயும் வருது, ரெண்டு மூணு வாரம்தான் திறந்திருக்கும்.

வேண்டியது: பத்தாவது, பன்னிரண்டாவது மார்க் ஷீட், எல்லா செமஸ்டர் மார்க் ஷீட், சிஜிபிஏவை சதவீதமா மாத்தற ஃபார்முலா யூனிவர்சிட்டி குடுத்தது, ஃபோட்டோ, என்சிசி இருந்தா அது. எல்லாம் ஒரிஜினலை ஸ்கேன் பண்ணணும், மங்கலா இருந்தா ரிஜெக்ட், மொபைல்ல சாய்ச்சு எடுத்த ஃபோட்டோ வேணாம், ஜெராக்ஸ் கடையில ஸ்கேன் பண்ணுங்க. சிஜிபிஏ ஃபார்முலா விஷயத்துல அலட்சியமா இருக்காதீங்க, நீங்களா ஒரு கணக்குப் போட்டு எழுதக் கூடாது, காலேஜ் ஆபீஸ்ல லெட்டர்ஹெட்ல வாங்கணும், எங்க காலேஜ்ல அதுக்கே பதினோரு நாள் ஆச்சு. எத்தனாவது செமஸ்டர் வரைக்கும் மார்க் போடணும்னு நோட்டிஃபிகேஷன்ல இருக்கும், அதைத் தாண்டிப் போடாதீங்க.

பிராஞ்ச் வரிசை குடுக்கும்போது யோசிச்சுக் குடுங்க. எஸ்எஸ்பி கால் ஒண்ணுதான் வரும். பைலட் கேக்கறவங்களுக்கு சிபிஎஸ்எஸ்னு ஒரு மெஷின் டெஸ்ட் உண்டு, வாழ்நாள்ல ஒரே ஒரு தடவை, அதுல ஃபெயில் ஆனா பைலட் வாசல் நிரந்தரமா மூடிடும்.

யாராவது "டெல்லியில ஆள் இருக்கு, ரெண்டு லட்சம் குடுத்தா முடிச்சுடலாம்"னு வந்தா அந்த இடத்துலயே எழுந்து வந்துடுங்க. அப்ளிகேஷனுக்கே காசு வாங்காத என்ட்ரி இது.

7. எஸ்எஸ்பி அஞ்சு நாள்

கால் லெட்டர் மெயில்லயும் எஸ்எம்எஸ்லயும் வரும், ஸ்பாம் ஃபோல்டரை தினமும் பாருங்க. சென்டர் பெங்களூர், போபால், விசாகப்பட்டினம், கொல்கத்தா மாதிரி எங்க வேணா போடுவாங்க, மாத்தித் தர மாட்டாங்க. அந்த வகை என்ட்ரிக்கு முதல் தடவை போறவங்களுக்கு ஏசி த்ரீ டயர் ரயில் கட்டணம் திருப்பித் தருவாங்க, டிக்கெட்டையும் பாஸ்புக் முதல் பக்கம் இல்லன்னா பேர் போட்ட செக் லீஃப் ஜெராக்ஸையும் எடுத்துட்டுப் போங்க. ரெண்டாவது தடவையில இருந்து நம்ம கைக்காசுதான். தங்கறது சாப்பாடு எல்லாம் அங்கயே, காசு கிடையாது. போனை வாங்கி வச்சுடுவாங்க.

எடுத்துட்டுப் போக வேண்டியது: ஒரிஜினல் சர்டிஃபிகேட் எல்லாம், ரெண்டு செட் ஜெராக்ஸ், இருபது பாஸ்போர்ட் சைஸ் ஃபோட்டோ, கால் லெட்டர் பிரின்ட், டெஸ்ட்ல அடிபட்டா நம்ம பொறுப்புன்னு எழுதிக் குடுக்கற ரிஸ்க் சர்டிஃபிகேட், ஃபைனல் இயர்னா காலேஜ்ல படிக்கறதுக்கான போனஃபைட் சர்டிஃபிகேட், வெள்ளை டீஷர்ட், வெள்ளை ஷார்ட்ஸ், வெள்ளை கேன்வாஸ் ஷூ, ஃபார்மல் ரெண்டு செட். இதெல்லாம் அங்க போய் வாங்கினா கடைக்காரன் சொன்ன விலைதான்.

முதல் நாள் ஸ்கிரீனிங். ஓஐஆர்னு ஒரு புத்திக்கூர்மை டெஸ்ட், அப்புறம் ஒரு மங்கலான படத்தை அரை நிமிஷம் காட்டுவாங்க, நாலு நிமிஷத்துல கதை எழுதணும், அதைச் சொல்லணும், அப்புறம் குரூப்பா பேசி ஒரு கதைக்கு வரணும். பெரும்பாலானவங்க இங்கதான் வெளிய வர்றாங்க. போபால்ல எங்க குரூப் பேச்சு முழுக்க இந்திக்குப் போயிடுச்சு, மீன் சந்தை மாதிரி சத்தம், நான் வாயே திறக்கல. திறக்காததுதான் தப்பு, இந்தி தெரியாதது தப்பில்ல. விசாகப்பட்டினத்துல அதே மாதிரி ஆனப்போ கொஞ்சம் இடைவெளி கிடைச்ச உடனே "ஃப்ரெண்ட்ஸ், இங்கிலீஷ்ல பேசினா எல்லாரும் சேந்து வரலாம்"னு நிதானமா சொன்னேன், ரெண்டு பேரு ஒத்துக்கிட்டாங்க, பேச்சு அங்க இருந்து மாறிடுச்சு. இந்தி கட்டாயம் இல்ல. ஆனா உள்ள போனதுக்கு அப்புறம் கூட இருக்கறவங்களோட பழக வேணும்தான், அதனால கொஞ்சம் கொஞ்சமா கத்துக்கிறது நல்லது.

ரெண்டாவது நாள் சைக்காலஜி. படம் பாத்து 12 கதை, 60 வார்த்தை ஒவ்வொண்ணுக்கும் 15 செகண்ட், 60 சூழ்நிலை அரை மணி நேரத்துல, அப்புறம் உங்களைப் பத்தி நீங்களே எழுதறது. அடுத்து ஜிடிஓன்னு சொல்ற குரூப் டெஸ்ட், வெளிய மைதானத்துல கட்டை கயிறு வச்சு குரூப்பா தாண்டறது, தனியா பத்து தடை, மூணு நிமிஷம் பேசற லெக்சரெட். நடுவுல ஒரு நாள் இன்டர்வியூ. கடைசி நாள் கான்ஃபரன்ஸ், எல்லா ஆபீசருங்களும் சேந்து உக்காந்து உங்களைக் கூப்பிட்டு முடிவு பண்றது.

கோச்சிங் வேணுமான்னு எல்லாரும் கேக்கறாங்க. நான் ஒரு இடத்துல 14,000 கட்டினேன். டெஸ்ட் எப்படி இருக்கும்னு தெரிஞ்சது, அது நல்லது. ஆனா மனப்பாடமா கதை குடுத்தாங்க, அதைத்தான் பெங்களூர்ல எழுதினேன், அதே மாதிரி கதையை என் பக்கத்துல இருந்தவனும் எழுதியிருந்தான், அவனும் அதே இடத்துல படிச்சவன். முறையைத் தெரிஞ்சுக்கறதுக்கு மட்டும் போங்க, இல்லன்னா போகாமலே வீட்ல டைமர் வச்சு எழுதிப் பழகுங்க. இங்கிலீஷ்ல வேகமா எழுதறதுதான் நம்மளுக்குத் தடங்கல், அது பழக்கத்துல வந்துடும், எனக்கு மூணு மாசம் ஆச்சு.

பிஐக்யூன்னு ஒரு ஃபார்ம் முதல் நாள் நிரப்பச் சொல்லுவாங்க, குடும்ப வருமானம், ஹாபி, விளையாட்டு, இதுக்கு முன்னாடி எத்தனை எஸ்எஸ்பி எல்லாம். இன்டர்வியூ முழுக்க அதுல இருந்துதான். ஹாபின்னு படிக்கறதுன்னு போட்டா கடைசியா படிச்ச மூணு புக் கேப்பாங்க. பழைய எஸ்எஸ்பியை மறைக்காதீங்க, அவங்ககிட்ட ரெக்கார்ட் இருக்கும். எங்க அப்பா லோடு ஆட்டோ ஓட்டறாரு, பெங்களூர்ல பிசினஸ்னு எழுதினேன், அதுக்கு மேல மேல கேள்வி கேட்டப்போ நானே திணறிட்டேன். மூணாவது தடவை உள்ளதை எழுதினேன், அவரு வேலையைப் பத்தி மட்டும் பத்து நிமிஷம் பேசினோம், என் இன்டர்வியூவில நல்லா போன பகுதியே அதுதான்.

8. செலக்ட் ஆனா முடிஞ்சுதுன்னு நினைக்காதீங்க

நம்பர் வாசிச்சதும் வீட்டுக்குப் போன் பண்ணி சொல்லணும்னு தோணும், சொல்லுங்க, ஆனா ஊருக்குச் சொல்லாதீங்க. அடுத்தது மெடிக்கல், பல நாள் ஆகும், ரிட்டர்ன் டிக்கெட்டை முன்னாடியே போட்டு காசை விட்டுடாதீங்க, மேல ஒரு மூவாயிரம் கையில இருக்கட்டும். அன்ஃபிட் போட்டா காரணத்தை எழுதிக் குடுப்பாங்க, டெம்பரரியா பெர்மனென்ட்டான்னும் சொல்லுவாங்க, அப்பீலுக்கு எத்தனை நாள், எந்த ஆஸ்பத்திரின்னு அங்கயே தெளிவா கேட்டு எழுதிட்டு வாங்க. சிகிச்சை பண்ண டிஸ்சார்ஜ் சம்மரி, டெஸ்ட் ரிப்போர்ட் எல்லாம் ஒரு ஃபைல்ல போட்டுட்டுப் போங்க.

ஃபிட் ஆனாலும் மெரிட் லிஸ்ட் இருக்கு. எஸ்எஸ்பி மார்க் வரிசையில, காலியிடம் எவ்வளவோ அவ்வளவு பேரு. என்னோட விசாகப்பட்டினத்துல செலக்ட் ஆன நாலு பேர்ல ஒரு அக்கா, நாகர்கோவில், மெடிக்கல் எல்லாம் முதல் தடவையே ஃபிட், மெரிட்ல வரல. திரும்ப முதல்ல இருந்து ஆரம்பிச்சிருக்காங்க.

9. நடுவுல வேலையை விடாதீங்க

நான் போபாலுக்கு முன்னாடியே "முழுசா தயாராகறேன்"னு இருந்த வேலையை விட்டேன். எட்டு மாசம் வீட்ல உக்காந்து, சொந்தக்காரங்க கேக்கற கேள்விக்கு பதில் சொல்லியே நம்பிக்கை போச்சு. பெங்களூருக்கு வேற வேலையில இருந்துட்டு அஞ்சு நாள் லீவு போட்டுத்தான் போனேன், மனசு லேசா இருந்துச்சு. ஜாயினிங் லெட்டர் கையில வந்த பிறகு ரிசைன் பண்ணுங்க, கம்பெனியில நோட்டீஸ் பீரியட் எத்தனை நாள்னு மட்டும் பாத்து வச்சுக்கோங்க, மூணு மாசம்னா ஹெச்ஆர்கிட்ட பேசிக் குறைக்க வேண்டி வரும். ரிலீவிங் லெட்டர் வாங்காம வராதீங்க. கவர்மென்ட் வேலையில இருக்கறவங்க அப்ளை பண்ணும்போதே ஆபீஸ்ல ஆட்சேபணை இல்லைங்கற என்ஓசி லெட்டர் கேட்டுடுங்க.

என் மொத்த செலவு, மூணு தடவைக்கும் சேத்து: கோச்சிங் 14,000, ரெண்டு தடவை கைக்காசுல ரயில் சுமார் 6,000, உடுப்பு ஷூ 3,500, செக்கப், ஃபோட்டோ, ஜெராக்ஸ், அஃபிடவிட் எல்லாம் ஒரு 5,000. கோச்சிங்கைக் கழிச்சா பதினஞ்சாயிரத்துக்குள்ள வரும்.

10. கிளம்பறதுக்கு முந்தின வாரம்

ட்ரெய்னிங் எழிமலை நேவல் அகாடமியில, கேரளாவுல கண்ணூர் மாவட்டம். இறங்க வேண்டியது பய்யனூர், சென்னையில இருந்து மங்களூர் மெயில் அங்க நிக்கும். ரிசர்வேஷன் 60 நாள் முன்னாடி திறக்கும், லெட்டர் அதுக்கு அப்புறம்தான் வரும், அதனால லெட்டர் வந்த அன்னைக்கே டிக்கெட் போடுங்க. லெட்டர்ல ஒரு சாமான் லிஸ்ட் இருக்கும், அதுல இல்லாததை வாங்காதீங்க. போலீஸ் வெரிஃபிகேஷனுக்கு ஸ்டேஷன்ல இருந்து கூப்பிட்டா நீங்களே போங்க, முகவரி ஆதாரும் ரேஷன் கார்டும் ஒண்ணா இருக்கான்னு பாத்துக்கோங்க.

உள்ள ஆரம்பத்துல போன் கையில கொஞ்ச நேரம்தான் இருக்கும்னு சீனியர் அண்ணன் ஒருத்தரு சொன்னாரு. அதனால லோன் ஈஎம்ஐயை ஆட்டோ டெபிட் போட்டுட்டேன், அந்த பேங்க் அக்கவுன்ட்ல தம்பியை நாமினி ஆக்கிட்டேன், கரன்ட் பில்லும் கேஸும் எப்படிக் கட்டறதுன்னு அம்மாவுக்கு அவங்க போன்லயே மூணு தடவை கட்டவச்சுக் காட்டிட்டேன். ரெண்டு தடவை தப்பா போச்சு, நேத்து சாயங்காலம் தனியாவே கட்டிட்டாங்க.